ஆயாவோடு உட்கார்ந்து பார்க்கும்படி

மத்திய தகவல் ஒலிபரப்புத் துறைச் செயலர் அவர்களுக்கு,

ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரிலிருந்து எழுதுகிறேன். மலையாளிப் பழங்குடிப் பெண் நான். மலையாளி என்பது எங்கள் குடியின் பெயர், கேரளத்தைக் குறிப்பதல்ல. எனக்குப் பதினொரு வயதில் ஒரு மகள் இருக்கிறாள்.

எங்கள் வீட்டில் ஒரே அறை, ஒரே டிவி. தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்த காலத்திலிருந்து இப்படித்தான். மாமியார் சாமை புடைத்துக்கொண்டே பார்ப்பார். மகள் அவர் காலடியில் உட்கார்ந்திருப்பாள். பிள்ளைகளுக்கு வேறு, பெரியவர்களுக்கு வேறு என்று பிரிக்க வழியில்லை.

போன மாதம் பள்ளிக்கூடத்தை வைத்து ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி வந்தது. நடித்தவர்களும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள்தான். கெட்ட வார்த்தை இல்லை, அடிதடி இல்லை. நானும் நிம்மதியாக அடுப்படிக்குப் போனேன். பிறகு, மலையிலிருந்து வந்து வகுப்பில் சேரும் பையன் ஒருவன் வந்தான். முகத்தில் கரி, இடுப்பில் தழை. அவன் வாயைத் திறந்தாலே பின்னணியில் சிரிப்பொலி. மகளும் சிரித்தாள். மாமியார் முறத்தை நிறுத்திவிட்டு, "அந்தப் பையன் நம்ம ஊரா?" என்று கேட்டார். மகள் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் சந்தையில் மாமியார் சத்தமாகப் பேசியபோது, "அப்படிப் பேசாத ஆயா, சிரிப்பாங்க" என்றாள்.

ஐயா, உங்கள் 1994ஆம் ஆண்டு கேபிள் தொலைக்காட்சி விதிகளில் ஓர் இனத்தாரையோ மொழியினரையோ வட்டாரத்தாரையோ இழிவாகக் காட்டக் கூடாது என்று இருக்கிறது. நல்ல விதி. ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு அது ஒளிபரப்பான பிறகுதான் உதவும். 2021இல் செய்த திருத்தப்படி முதலில் சேனலுக்குப் புகார் எழுத வேண்டும், அவர்கள் பதில் சொல்லப் பதினைந்து நாள். என் மகளுக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை, தன் ஆயாவின் பேச்சுக்குக் கூச்சப்பட.

அதே 2021இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், இணையத்தில் ஓடும் தொடர்களுக்கு 7, 13, 16 என வயதுக் குறியீடு கேட்கின்றன. சாதி, இனம் சார்ந்த பாகுபாட்டையும் கணக்கில் எடுத்துத் தரம் பிரிக்கச் சொல்கின்றன. திரைப்படச் சான்றிதழுக்கும் 2023இல் இந்த வயதுப் பிரிவுகள் வந்துவிட்டன. காசு கட்டிச் செல்பேசியில் பார்க்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் எச்சரிக்கை, கேபிளில் பார்க்கும் என் பிள்ளைக்கு ஏன் கிடையாது?

தடை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. பிள்ளைகள் சிரிக்க வேண்டும். 2009இல் வந்த 'பசங்க' படத்தில் பள்ளிப் பிள்ளைகளின் சண்டையும் போட்டியும் எத்தனை சிரிப்பைத் தந்தன! தமிழில் சிறந்த படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. பிறப்பைக் கேலி செய்துதான் சிரிக்க வைக்க முடியும் என்பது சோம்பேறித்தனம்.

பிள்ளைகள் நடிக்கும், பிள்ளைகள் பார்க்கும் நகைச்சுவை நிகழ்ச்சிகளுக்கும் வயதும் காரணமும் சொல்லச் செய்யுங்கள். அதை எழுத்தில் போட்டால் மட்டும் போதாது. தமிழில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். என் மாமியாருக்குப் படிக்கத் தெரியாது, வீட்டில் பிள்ளையோடு கூட இருப்பவர் அவர்தான். தரம் பிரிக்க உட்காருகிறவர்களில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஆசிரியர் ஒருவராவது இருக்கட்டும். எந்தச் சிரிப்பு எங்கே போய்க் குத்தும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இப்போதெல்லாம் அந்த நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தில் மாமியார் முறத்தை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுகிறார். அங்கே விளக்கு இல்லை.

இப்படிக்கு,
ஜமுனாமரத்தூர்த் தாய் ஒருத்தி