ராத்திரி பூரா இது என்ன வேலை பாக்குது?

"வீட்டுல ஒரு லினக்ஸ் சர்வர் வைக்கணும்" என்கிற நண்பர்கள் அடுத்த மூச்சிலேயே எத்தனை கோர், எத்தனை ஜிபி ராம் என்று கேட்கிறார்கள். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் யார் படுத்துத் தூங்கப்போகிறார் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. இந்த மோகத்தோடுதான் என் சண்டை.

நானும் அப்படி ஆடியவன்தான். ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட ரேக் சர்வரை அடிமாட்டு விலைக்குத் தூக்கி வந்தேன். உள்ளே வரிசையாகக் குட்டி விசிறிகள். விசிறி சின்னதானால் அதே அளவு காற்றைத் தள்ள வெறித்தனமாகச் சுற்ற வேண்டும். கீச்சென்று ஓயாத சத்தம். டேட்டா சென்டரில் அது யாரையும் உறுத்தாது. எங்களுடையது இரண்டு அறை வீடு. மூன்றாம் நாள் ராத்திரி அம்மா சுவிட்சை அணைத்துவிட்டார். "ராத்திரி பூரா இது என்னடா வேலை பாக்குது?"

என்னிடம் பதில் இல்லை. குடும்பப் படங்களின் பேக்கப், இரண்டு கிட் ரெப்போ, ஒரு டிஎன்எஸ். ஒரு நாளைக்குச் சில நிமிட வேலை. மிச்ச நேரமெல்லாம் காத்துக்கிடப்பதுதான். அப்படியானால் முதலில் பார்க்க வேண்டிய எண், சும்மா இருக்கும்போது பெட்டி குடிக்கும் வாட்.

கணக்குப் போடுங்கள். 100 வாட் பெட்டி அறுபது நாள் ஓயாமல் ஓடினால் 144 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு வீட்டுக்கு 2016-ல் அறிவித்த இலவச மின்சாரமே 100 யூனிட்தான். 10 வாட் பெட்டிக்கு 14.4 யூனிட் போதும்.

அட்டையில் போட்டிருப்பதையும் நம்பிவிடாதீர்கள். இன்டெல் என்100-க்கு 6 வாட் என்பது சிப்புக்கு மட்டும். போர்டு, டிஸ்க், பவர் சப்ளை தின்பதெல்லாம் தனி. சாதாரண '80 பிளஸ்' முத்திரைக்கான சோதனை 20 சதவீதச் சுமையில்தான் தொடங்குகிறது. 500 வாட் சப்ளையில் அது 100 வாட். உங்கள் பெட்டி இழுப்பது 20 வாட் என்றால் அந்த முத்திரை உங்களுக்கு எதுவும் சொல்வதில்லை. ப்ளக்கில் ஒரு வாட் மீட்டர் சொருகிப் பாருங்கள்.

"பழசைத் தூக்கிப்போட்டுப் புதுசு வாங்கினா குப்பைதானே சேரும்?" நியாயமான கேள்விதான். வீட்டில் கிடக்கும் பழைய லேப்டாப்பை எடுங்கள். ஒரு எஸ்எஸ்டி மாட்டி, டெபியன் போட்டு, மூடினாலும் உறங்காதபடி அமைப்பில் ஒரு வரி மாற்றினால் சர்வர் ரெடி. கரண்ட் போனால் கொஞ்ச நேரம் பேட்டரி தாங்கும். பேட்டரி புடைத்திருந்தால் மட்டும் கழற்றிவிடுங்கள். விசிறியே இல்லாத மினி பிசி என்றால் பீரோவுக்குள் அடைக்காதீர்கள். சூடு வெளியேற வழியில்லாவிட்டால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

பெரிய கம்பெனிகளிடமிருந்து நம் தரவை மீட்கிறோம் என்று மார்தட்டுகிறோம். சரி, மீட்போம். ஆனால் அதற்கான விலையை வீட்டிலிருப்பவர்கள் தூக்கத்தாலும் கரண்ட் பில்லாலும் கட்டுகிறார்கள் என்றால், அவர்களைக் கேட்காமல் நாமும் ஒரு கம்பெனி நடத்துகிறோம். அவ்வளவுதான்.