பத்தி கெட்டால் பத்தியம் கெடும்!

புனேயில் நான் பொட்டி தட்டும் இடத்தில் போன வாரம் ஒரு பஞ்சாயத்து. வாடிக்கையாளர் ஒருவரின் பழைய ஹிந்திப் பக்கம், மருந்து விவரங்கள். மருந்துக்கு ஒரு பத்தி, அதன் கீழே தனி வரியில் எச்சரிக்கை. முதல் மருந்தின் எச்சரிக்கை, 'வெறும் வயிற்றில் சாப்பிடக் கூடாது'. அந்த வரிக்கு மேலே பெரிய இடைவெளி, கீழே சுத்தமாக இல்லை. என் அரைகுறை ஹிந்தியில் படித்தபோது, இரண்டாவது மருந்துக்குச் சொன்னது என்றே நினைத்தேன்!

கேட்டால், டேமேஜர் முதல் டிரெய்னி வரை ஒரே பாட்டு: பிரவுசர் பிரச்சினையாம்.

போதும் சாமி! ஒரு காலத்தில் அது உண்மைதான். ஐஇ 5, பேடிங்கையும் பார்டரையும் அகலத்துக்குள்ளேயே சேர்த்துக் கணக்குப் போட்டது. 2001இல் வந்த ஐஇ 6, ஃப்ளோட் ஆகும் பெட்டிக்கு அதே பக்க மார்ஜினை இரட்டிப்பாக்கியது. அன்றைக்குத் தலையில் அடித்துக்கொண்டதில் நியாயம் இருந்தது. ஆனால் விண்டோஸ் 10இல் ஐஇக்கு 2022 ஜூனிலேயே மூடுவிழா நடந்துவிட்டது. இன்று குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றுமே பி டேக்குக்கு மேலும் கீழும் 1 எம் மார்ஜின்தான் தருகின்றன. செத்த பாம்பை இன்னும் எத்தனை நாள் அடிப்பது?

நோண்டிப் பார்த்தேன். குற்றவாளி, பக்கத்தை எழுதப் பயன்படுத்திய எடிட்டர். அதில் என்டர் தட்டினால் ஐஇ பி டேக் போடும். குரோம் டிவ் போடும். ஃபயர்ஃபாக்ஸ், 2018இல் 60ஆம் பதிப்பு வரும்வரை வெறும் பிஆர் போட்டது. டிவ்வுக்கு இயல்பாக மார்ஜின் கிடையாது. முதல் மருந்து பி-யில் இருந்தது, பின்னால் சேர்த்த எச்சரிக்கையும் இரண்டாவது மருந்தும் டிவ்வில். அதனால்தான் எச்சரிக்கை இடம் மாறி ஒட்டிக்கொண்டது. எந்த பிரவுசரில் திறந்தாலும் இதே கோலம்தான்!

நம்மாட்கள் சொன்ன வைத்தியம்? நடுவில் இரண்டு பிஆர். அந்த இடைவெளி வரி உயரத்தைப் பொறுத்தது. வரி உயரத்தை நாம் சொல்லாவிட்டால் எழுத்துரு முடிவு செய்யும். விண்டோஸில் ஒரு ஹிந்தி எழுத்துரு, ஆண்ட்ராய்டில் வேறொன்று. கணினியில் சரியாகத் தெரிவது கைப்பேசியில் மாறும். உடனே, "பாத்தீங்களா, பிரவுசர்!"

எடிட்டரை எப்போதும் பி போடச் சொல்ல ஒரு வரி போதும். மார்ஜினையும் வரி உயரத்தையும் சிஎஸ்எஸ்ஸில் நாமே எழுத இரண்டு வரி. எச்சரிக்கையை மருந்தோடு ஒரே பெட்டிக்குள் வைத்தால் இன்னும் நல்லது. இதற்குச் சோம்பல்பட்டுத்தான், மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கிறவரைக் குழப்பிவிட்டோம்.

அடுத்த முறை பிரவுசரைத் திட்டுவதற்கு முன்னால் ரைட் க்ளிக் செய்து இன்ஸ்பெக்ட் பாருங்க மக்களே. தப்பு அதன் மேல்தான் என்றால் சொல்லுங்க, நானும் சேர்ந்து திட்டுகிறேன்.