வயலை ஈடுவைத்து வாங்கும் வாணிபக் கல்வி

மட்டக்களப்பு வாவிக் கரையில் வாழும் மக்களுக்குச் சர்வதேச வாணிபம் நேற்று வந்த புதுமையன்று. ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி அமைக்கப்பட்டது 1602ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில். அதே ஆண்டு மே மாத இறுதியில் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்னும் ஒல்லாந்தக் கப்பற்றலைவன் எமது கரையோரத்தில் நங்கூரமிட்டான். அவன் வந்தது மீன் பாடுவதைக் கேட்பதற்கன்று. கறுவாவையும் மிளகையும் தேடியே வந்தான். முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 1638 மே 18இல், போர்த்துக்கேயரின் மட்டக்களப்புக் கோட்டை ஒல்லாந்தர் கையில் வீழ்ந்தது. ஐந்து நாட்களின் பின், இரண்டாம் இராஜசிங்க மன்னனும் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டும் இவ்விடத்திலேயே ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர்.

அந்த உடன்படிக்கையைச் சட்டத்தரணி ஒவ்வொருவரும் ஒருமுறையாவது படித்துப் பார்க்கவேண்டும். போர்த்துக்கேயரிடமிருந்து பிடிக்கப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை தங்கியிருக்கலாம் என்று அதன் மூன்றாம் வாசகம் கூறிற்று. அரசனிடம் இருந்த பிரதியில், ‘அரசன் விரும்பினால்’ என்ற கருத்துடைய சொற்கள் இருந்தன. ஒல்லாந்தரின் பிரதியில் அச்சொற்கள் இல்லை! போர்ச் செலவை அரசன் கொடுத்துத் தீர்க்கவேண்டும் என்பதும் உடன்படிக்கையில் அடங்கியிருந்தது. 1640இல் காலி வீழ்ந்தது. 1656இல் கொழும்பு வீழ்ந்தது. அரசன் கோட்டைகளைக் கேட்டான். கம்பனி கணக்கைக் காட்டிற்று. கடன் தீரவில்லை, ஆகவே கோட்டையும் இல்லை என்றது. 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் சீனக் கம்பனி ஒன்றுக்குத் தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகைக்குச் சென்றபோது, இப்பழைய கதையை நினைத்தவர் எத்தனை பேரோ, நாம் அறியோம்.

ஒரு கம்பனி தன் தேசத்தை விட்டு வேறொரு தேசத்துக்குள் நுழைகையில் எதை நாடுகின்றது, யாரோடு கூட்டுச் சேர்கின்றது, எந்தப் பொருளைத் தன் தனியுரிமை ஆக்குகின்றது, எந்த வாசகத்தை எழுதுகின்றது, எதை எழுதாமல் விடுகின்றது? இவற்றை ஆராய்வதற்கு இன்று ஒரு தனிக் கல்வி இருக்கின்றது. அதற்குச் சர்வதேச மூலோபாய முகாமைத்துவம் என்று பெயர். பட்டம் பெற்றபின் ஓராண்டோ ஈராண்டோ கற்று முதுமாணியாகும் துறை அது. 1962இல் அல்பிரட் சாண்ட்லர் எழுதிய நூலும், 1965இல் இகோர் அன்சொஃப் எழுதிய நூலும், 1980இல் மைக்கல் போர்ட்டர் எழுதிய நூலும் இத்துறைக்கு அத்திவாரம் இட்டவை. இது வெள்ளையரின் வித்தை, எமக்கு ஏறாது என்று எண்ணுவோர்க்கு ஒன்று சொல்வோம். இத்துறையின் மேதைகளுள் ஒருவரான சி. கே. பிரகலாத் 1941இல் கோயம்புத்தூரிற் பிறந்தவர்; சென்னை லயோலாக் கல்லூரியிற் பௌதிகம் படித்தவர். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக இருந்து, ஒரு நிறுவனம் தன் அடிப்படைத் திறமை எதுவென அறிந்து அதன்மேலேயே தன் எதிர்காலத்தைக் கட்டவேண்டும் என்னும் கருத்தை 1990இல் கரி ஹமெல் என்பாரோடு சேர்ந்து உலகுக்கு அளித்தவர்.

நிற்க. இக்கல்வி எம்மவர் வீடுகளுக்குள் எவ்வழியால் வருகின்றது என்பதே நாம் இங்கு பேச எடுத்துக்கொண்ட விடயம். அது நூல் வழியாக வருவதிலும் பார்க்க உறுதி வழியாகவே பெரிதும் வருகின்றது. சட்டத்தொழில் நடத்தும் எம்மிடம் ஈட்டு உறுதி எழுத வருவோரிற் சிலர், முன்னர் மகளின் சீதனத்துக்காகவோ வைத்தியச் செலவுக்காகவோ வந்தனர். இன்று மகனை இலண்டனுக்கு அனுப்ப வருகின்றனர். படுவான்கரையிலிருந்து வந்த முதியவர் ஒருவர் கையெழுத்திடுமுன் எம்மைப் பார்த்துக் கேட்டார்: “ஐயா, தம்பி படிக்கப் போகிற படிப்பின் பேர் எனக்கு வாயில் வருகுதில்லை. படித்துவிட்டு வந்தால் நம்மட நெல்லுக்கு ஏதும் விலை கூடுமா?” அருகிலிருந்த மகன் தலை குனிந்துகொண்டான். எம்மிடமும் விடை இருக்கவில்லை.

இவ்விடத்திற் சட்டத்தை விளக்கவேண்டியது எமது கடமை. வங்கிக்கு ஈடுவைத்தால், 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்படி, நீதிமன்றம் செல்லாமலே பணிப்பாளர் சபையின் தீர்மானம் ஒன்றினால் வங்கி அக்காணியை ஏலத்தில் விற்கலாம். தனியாரிடம் கடன் பெறுவோர் பலர் ஈட்டு உறுதிக்குப் பதிலாக, மீட்டுக்கொள்ளும் நிபந்தனையோடு கூடிய விற்பனை உறுதியில் ஒப்பமிடுகின்றனர். தவணை தவறினால் காணி போய்விடும். இதை அறிந்துதான் ஒப்பமிடுகின்றார்களா? மறுபுறத்தில், கடன் திரும்பும் என்ற நம்பிக்கை எதன்மேல் நிற்கின்றது? படித்த நாட்டிலேயே சில ஆண்டுகள் உழைக்கலாம் என்பதன்மேல். அந்த நாட்டின் விதியோ எங்கள் கையில் இல்லை. பாடநெறி வழியாக முதுமாணி கற்கச் செல்வோர் தம் மனைவி மக்களை உடனழைத்துச் செல்வதை 2024 ஜனவரி முதலாந் திகதியிலிருந்து பிரித்தானியா தடுத்துவிட்டது. அதற்கு முன் போட்ட கணக்கு வேறு. பின் போட்டிருக்கவேண்டிய கணக்கு வேறு. மூலோபாயம் படிக்கப் போகின்றவனின் குடும்பத்துக்கே மூலோபாயம் இல்லையென்றால் அதை என்னவென்பது?

வெளிநாடு செல்ல இயலாதோர் கொழும்பை நாடுகின்றனர். ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பட்டப்பின் முகாமைத்துவ நிறுவனம் அங்கே இருக்கின்றது. வெளிநாட்டுப் பட்டங்களைத் தரகு முறையில் வழங்கும் தனியார் கல்லூரிகளும் இருக்கின்றன. வாரத்தில் ஐந்து நாள் மட்டக்களப்பில் உத்தியோகம், வெள்ளியிரவு முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம், ஞாயிறு இரவு மீண்டும் வண்டி. இளைஞர்கள் அவ்வாறு கற்பதை நாம் மெச்சுகின்றோம். ஆனால் அந்த வகுப்புகளில் அவர்கள் ஆராய்வன எவை? அமெரிக்கக் குளிர்பானக் கம்பனியும், யப்பானிய மோட்டார்க் கம்பனியும், விமானங்கள் செய்யும் கம்பனியும். தவறில்லை, உலகை அறியத்தான் வேண்டும். ஆயினும் தம் வீட்டுப் படலைக்கு முன்னால் நடக்கும் சர்வதேச வாணிபத்தை ஆராயாத முதுமாணி யாருக்குப் பயன்படுவார்?

எடுத்துக்காட்டாக வாவி நண்டைப் பார்ப்போம். சேற்று நண்டு என்று சொல்லப்படும் பெரிய நண்டு எமது களப்பிலும் இலங்கையின் ஏனைய களப்புகளிலும் பிடிபடுகின்றது. சிங்கப்பூரின் புகழ்பெற்ற மிளகாய் நண்டுக் கறிக்கும் மிளகு நண்டுக் கறிக்கும் விரும்பப்படுவது இலங்கை நண்டு. அங்குள்ள உணவுச்சாலைகளின் விலைப்பட்டியலில் ‘இலங்கை நண்டு’ என்றே பெயர் போட்டு, நிறை பார்த்து விற்கின்றனர். உயிரோடு கட்டப்பட்டு விமானமேறும் அந்த நண்டைத் தோணியிலிருந்து இறக்கியவன் பெறுவது என்ன, இடையில் எத்தனை கை மாறுகின்றது, எந்தக் கையில் இலாபம் தங்குகின்றது? தரமான நண்டெல்லாம் கப்பலிலும் விமானத்திலும் போய்விடுகின்றதே என்று எண்ணிய ஓர் உணவுத் தொழிலதிபர், பெயர்பெற்ற இரண்டு கிரிக்கெட் வீரர்களைச் சேர்த்துக்கொண்டு, 2011இல் கொழும்பில் நண்டுக்கென்றே ஓர் உணவுச்சாலை திறந்தார். ‘மினிஸ்ட்ரி ஒஃப் கிராப்’ என்னும் அது பின்னர் வெளிநாட்டு நகரங்கள் பலவற்றிலும் கிளை பரப்பியது. அது தொடங்கிய கட்டடம் எது தெரியுமா? ஒல்லாந்தக் கம்பனி கட்டிய பழைய ஆஸ்பத்திரி! மீன் பாடுகின்றது என்று நாம் பெருமை பேசிக்கொண்டிருக்க, நண்டுக்குப் பெயரும் விலையும் தேடிக்கொடுத்தவர் வேறொருவர். அவர்மேல் எமக்குக் குறையில்லை. கற்றுக்கொள்ளவில்லையே என்பதுதான் குறை.

அடுத்தது நெல். பெரும்போகத்தில் எமது மாவட்டம் விளைவிக்கும் நெல்லிற் பெருமளவு, சரியாகக் காயுமுன்பே, களத்துக்கு வரும் லொறிகளில் ஏறிப் பொலன்னறுவை ஆலைகளுக்குச் செல்கின்றது. அரிசியாகித் திரும்பும்போது எமது கடைகளிலேயே வேறொருவர் பெயர் பொறித்த பையில் இருக்கின்றது. விதைத்தவன், வெட்டியவன், வட்டிக்கு எடுத்தவன் எல்லாம் இந்தப் பக்கம். உலர்த்தும் பொறியும் களஞ்சியமும் வங்கி முதலும் அந்தப் பக்கம். அறுவடைக் காலத்தில் விற்கவேண்டிய நிர்ப்பந்தம் உள்ளவனுக்கும் வாங்காமல் காத்திருக்க வசதி உள்ளவனுக்கும் இடையிலான பேரத்தைத்தானே போர்ட்டர் பக்கம் பக்கமாக எழுதினார்? 2021இல் இரசாயன உரத்தின் இறக்குமதி ஒரே உத்தரவால் நிறுத்தப்பட்டு, அவ்வாண்டு முடியுமுன்பே அது கைவிடப்பட்டதையும், 2022 ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடனைச் செலுத்தமுடியாது என்று அறிவித்ததையும் வயலில் நின்று அனுபவித்தவர்கள் எம் விவசாயிகள். உலகச் சந்தையும் டொலரும் தமக்குச் சம்பந்தமற்றவை என்று இனி எந்த விவசாயியும் சொல்லமாட்டான்.

கடற்றொழிலும் அவ்வாறே. சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்கத் தவறியதற்காக 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை விதித்தது, 2016இல் நீக்கியது. வரிச் சலுகையை 2010இல் நிறுத்தி 2017இல் திருப்பித் தந்ததும் அதே ஒன்றியமே. அமெரிக்கா 2025 ஏப்ரலில் இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீதத் தீர்வை என்று அறிவித்து, ஆகஸ்டில் அதை 20 ஆகக் குறைத்தது. வாழைச்சேனைத் துறைமுகத்துப் படகுக்காரனின் வருமானமும், தையல் ஆலைக்குப் போகும் எம் பெண்பிள்ளையின் சம்பளமும் இத்தகைய தீர்ப்புகளில் தொங்குகின்றன. வாழைச்சேனை என்றதும் காகித ஆலை நினைவுக்கு வருகின்றது. 1950களில் எழுந்து வைக்கோலையும் இலுக்கையும் காகிதமாக்கிய அந்த ஆலை, 1977இல் இறக்குமதிக் கதவு திறந்தபின்னும் யுத்தத்தாலும் எவ்வாறு நலிந்தது என்பதை எழுதினால் அதுவே ஒரு முதுமாணி ஆய்வாகும்.

வந்தாறுமூலையில் எமக்கொரு பல்கலைக்கழகம் உண்டு. 1981 ஆகஸ்டில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 ஒக்டோபரிற் கிழக்குப் பல்கலைக்கழகமானது. 1990இல் ஆயிரக்கணக்கான மக்கள் அகதிகளாகத் தஞ்சம் புகுந்ததும், அவ்வாண்டு செப்டெம்பர் 5இல் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பி வராததும் அந்த வளவிலேதான். இவ்வளவையும் தாங்கி எழுந்து நிற்கும் அந்நிலையத்தில் வர்த்தக முகாமைத்துவ பீடமும் பட்டப்பின் கற்கைகளும் இருக்கின்றன. எமது கோரிக்கை, இன்னொரு கட்டடம் வேண்டும் என்பதன்று. சர்வதேச மூலோபாயம் என்னும் பாடம் அங்கே நெல்லையும் நண்டையும் தையலையும் பாசிக்குடாவின் விடுதிகளையும் கொண்டு கற்பிக்கப்படவேண்டும். அதற்கு வாவிக்கரையின் இரு பக்கத்திலிருந்தும் ஆட்கள் அனுப்பப்படவேண்டும்.

இது நடக்கக்கூடியதா என்று கேட்போர் குஜராத்தின் ஆனந்த் நகரைப் பார்க்கட்டும். 1946இல் கேடா மாவட்டத்துப் பால் உற்பத்தியாளர் ஒன்றுகூடி ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். திரிபுவன்தாஸ் பட்டேல் அதை வழிநடத்தினார். வர்கீஸ் குரியன் என்ற இளம் பொறியியலாளர் வந்து சேர்ந்தார். அவரும் சென்னை லயோலாவில் படித்தவர்தான். அமுல் என்ற பெயரில் அவர்கள் பன்னாட்டுப் பால்மாக் கம்பனிகளையே எதிர்த்து நின்று வென்றனர். பின்னர் ஒன்றை உணர்ந்தனர்: அகமதாபாத்தில் 1961இல் தொடங்கப்பட்ட முகாமைத்துவக் கல்லூரியின் பட்டதாரிகள் பெரிய கம்பனிகளுக்கே போகின்றனர், சங்கங்களுக்கு வருவதில்லை. ஆகவே 1979இல் ஆனந்திலேயே கிராமிய முகாமைத்துவத்துக்கென ஒரு பட்டப்பின் கல்வி நிலையத்தை ஏற்படுத்தினர். மாடு வளர்ப்போர் சாதித்ததை வேளாண்மை செய்வோர் சாதிக்க இயலாதா?

ஆங்கிலத்தில் அல்லவா இது கற்பிக்கப்படுகின்றது என்பர் சிலர். ஆங்கிலம் வேண்டும், அதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் ஆய்வு முடிவு தமிழில் எழுதப்பட்டுச் சங்கத்தின் மேசைக்கு வராவிட்டால், அது நூலகத்துத் தூசுக்கே உணவாகும். 1638இல் இரு பிரதிகளுக்கும் இடையே காணாமற்போன ஒரு சொற்றொடரின் விலை என்ன என்பதை மேலே பார்த்தோம். சிங்கப்பூர் வியாபாரியோடு எழுதும் ஒப்பந்தத்தைத் தோணிக்காரனும் தன் மொழியில் வாசித்தறிந்து கையெழுத்திடும் நிலை வரவேண்டும். அவ்வகுப்புகளில் ஒப்பந்தச் சட்டம் கற்பிக்க எம் தொழிலைச் சேர்ந்தோர் ஊதியம் கேளாமல் முன்வருவர் என்பதில் எமக்கு நம்பிக்கை உண்டு.

பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும், கமக்காரர் அமைப்புகளும், கடற்றொழிலாளர் சங்கங்களும் தத்தம் உத்தியோகத்தரில் ஒருவரையாவது தம் செலவில் இக்கற்கைக்கு அனுப்பவேண்டும். அவர் திரும்பிவந்து ஐந்தாண்டு சங்கத்திற் கடமையாற்ற உடன்படவேண்டும். அவருடைய ஆய்வு அச்சங்கத்தின் பொருளைப் பற்றியதாகவே இருக்கவேண்டும். வெளிநாடு செல்லும் பிள்ளைகளின் பெற்றோர், ஒப்பமிடுமுன், அப்பட்டத்தை எமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கின்றதா என்பதை எழுத்தில் கேட்டறியவேண்டும். உறுதியை ஒரு சட்டத்தரணியிடம் வாய்விட்டு வாசிப்பித்துக் கேட்கவேண்டும். இதற்கு எம்மிடம் வருவோர் கட்டணம் செலுத்தவேண்டியதில்லை. சங்கங்களின் அடுத்த பொதுக்கூட்டங்களில் மேற்சொன்ன தீர்மானத்தை முன்மொழிய விரும்பும் அங்கத்தவர்களுக்கு அதன் வாசகத்தை எழுதிக்கொடுக்கவும் நாம் ஆயத்தமாக இருக்கின்றோம்.