மந்திரம் நஞ்சை முறிக்குமா?

உத்தனப்பள்ளியைச் சுற்றித் தக்காளித் தோட்டங்கள்; ஓசூர்ப் பக்கம் திரும்பினால் ஆலைகள். இயந்திரத்தை இயக்கும் அறிவு வளர்ந்த இந்நாளிலும், பாம்பு தீண்டினால் வேப்பிலையைத் தேடியோடுவோர் நாட்டில் உளர். ஏன் என்று கேட்கிறோம்.

"மந்திரித்துப் பிழைத்தவர் இலரோ?" என்பர். உளர்! பாம்புகளிற் பல நஞ்சற்றவை. நஞ்சுடையதும் ஒவ்வொரு கடியிலும் நஞ்சைச் செலுத்துவதில்லை. பிழைத்தவரைக் காத்தது நஞ்சின்மை. பெயரைத் தட்டிச் சென்றது மந்திரம்!

கட்டுவிரியன் கடியில் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இரா. இமை சரியும், நா குழறும், பின்னர் மூச்சு நிற்கும். கண்ணாடி விரியனின் நஞ்சோ குருதியை உறையவிடாது. மருத்துவர் சிறிது குருதியைக் கண்ணாடிக் குழாயிலிட்டு 20 நிமிடம் அசையாது வைக்கிறார். உறையாவிடில் நச்சுமுறி மருந்து ஏற்றுகிறார். மூச்சுத் தளர்ந்தால் செயற்கைச் சுவாசம் தருகிறார். இவற்றுள் எதனைச் செய்யும் வேப்பிலை?

அம்மருந்துக்கு நஞ்சு எடுத்துத் தருவோர் யார்? 1978-இல் கூட்டுறவுச் சங்கம் கண்ட இருளர் மக்கள்! தாழ்ந்தோரென இகழப்பட்டோரின் அறிவு உயிர் காக்கிறது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் மாண்டோர் ஏறத்தாழ 12 இலட்சம் என்பது ஆய்வாளர் கணிப்பு. இதுவும் தலைவிதியா?

தோழர்களே! கடிவாயைக் கீறாதீர், இறுகக் கட்டாதீர், உறுப்பை அசையாது வைத்து 108-ஐ அழைப்பீர். 2024-இல் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கிய தமிழக அரசுக்கும் சொல்வோம்: கணக்கு மட்டும் போதாது, சிற்றூர் மருத்துவமனையில் நள்ளிரவிலும் மருந்து இருக்கட்டும், மருத்துவர் இருக்கட்டும்! அங்கே கதவு அடைத்திருந்தால், மந்திரக்காரன் கதவு திறக்கும்.