நனைந்த சாவியும் பூட்டிய தகவலும்

மும்பையில் 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையம் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழையைப் பதிவுசெய்தது. அத்தகைய பேரிடர் ஆண்டுதோறும் வருவதில்லை. ஆனால் முழங்காலளவு நீரில் இறங்கி வாகனத்தைத் தள்ள வேண்டிய நாள் ஒவ்வொரு பருவமழையிலும் சில முறையேனும் அந்நகரில் வரத்தான் செய்கிறது. எந்திரத்துள் நீர் புகுந்ததா, இருக்கை நனைந்ததா, காப்பீடு கிடைக்குமா என்றெல்லாம் அன்று பேச்சு எழும். ஓட்டுநரின் கால்சட்டைப் பையில் கிடக்கும் சாவியை மட்டும் எவரும் நினைப்பதில்லை. மறுநாள் காலை வாகனம் உலர்ந்து நிற்க, பொத்தானை அழுத்தினால் கதவு திறவாதபோதுதான் அதன் நினைவு வரும்.

மழைதான் வேண்டும் என்பதில்லை. சலவை எந்திரத்துக்குள் சட்டைப்பையோடு போன சாவி, கடற்கரையில் அலை நனைத்த சாவி, குழந்தை வாளியில் போட்ட சாவி எனக் காரணங்கள் பல. விடை மட்டும் ஒன்றுதான். அதிகாரப்பூர்வ சேவை மையத்தில் ‘புதிது வாங்குங்கள்’ என்பார்கள். சிறிய காருக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும்; பொத்தானை அழுத்திக் கிளப்பும் வகைக்கு அதைவிட அதிகம். உதிரி வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். மாதச் சம்பளக்காரர் அந்நாள்களில் ரயிலில் போய்விடுவார். வண்டிக்கடன் தவணை கட்டிக்கொண்டு வாடகைக் கார் ஓட்டுபவருக்கு அத்தனை நாள்களும் வருமானமற்ற நாள்கள்.

உண்மையில் அந்தச் சாவிக்குள் பழுதாவது என்ன? இதை அறிந்தவர் குறைவு. அறியாமையின் விலையே பெரும்பகுதி.

இன்றைய கார்ச்சாவி ஒன்றல்ல, மூன்று. முதலாவது உலோக அலகு. நீர் அதை ஒன்றும் செய்யாது. இரண்டாவது, கதவைத் தொலைவிலிருந்து திறக்கும் வானொலி அனுப்பி. இந்தியாவில் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் இதற்கு 3 வோல்ட் பட்டன் மின்கலம் தேவை. மூன்றாவது, வாகனம் இந்தச் சாவியைத் ‘தன்னுடையது’ என்று அடையாளம் காண உதவும் சிறு சில்லு. திருகிக் கிளப்பும் வகையில், பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளின் காந்தப்புலத்திலிருந்தே இது தனக்கு வேண்டிய ஆற்றலைப் பெறுகிறது, மின்கலம் தேவையில்லை. பல சாவிகளில் இச்சில்லு கண்ணாடிக் குழலிலோ கெட்டியான பூச்சுக்குள்ளோ அடைக்கப்பட்டிருப்பதால் நீருக்கு எளிதில் அசைவதுமில்லை.

ஆகவே ‘சாவி செத்துவிட்டது’ என்று சொல்லப்படும் பல வேளைகளில் செத்திருப்பது இரண்டாவது பகுதி மட்டுமே. அலகால் கதவைத் திறந்து, திருகினால் வண்டி கிளம்பிவிடக்கூடும். பொத்தானை அழுத்திக் கிளப்பும் வகையிலும் ஓர் அவசர அலகு உறைக்குள் ஒளிந்திருக்கிறது. சாவியைத் தொடக்கப் பொத்தானின்மீது ஒட்டிப் பிடித்தாலோ, அதற்கென உள்ள குழியில் வைத்தாலோ வாகனம் அதை அடையாளம் காணும் ஏற்பாடும் பெரும்பாலான மாடல்களில் உண்டு. வாகனக் கையேட்டில் இது அச்சாகியிருக்கிறது. அந்தக் கையேட்டைப் பிரித்துப் பார்க்கும் முதல் சந்தர்ப்பம் பூட்டிய காருக்கு வெளியே நிற்கும்போது வருகிறது. கையேடோ காருக்குள் இருக்கிறது.

நீர் எப்படிக் கெடுக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தூய நீர் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. தெருவெள்ளமும் கடல்நீரும் சோப்புநீரும் கரைந்த உப்புகளால் நன்றாகக் கடத்துகின்றன. மின்கலம் உள்ளே இருக்கும்வரை ஈரச் சுற்றுப்பலகையில் மின்னாற்பகுப்பு நடந்துகொண்டே இருக்கும். நேர்முனைப் பக்கத்துச் செம்பு கரைந்து எதிர்முனைப் பக்கத்தில் மயிரிழைபோலப் படியும். இரு தடங்களுக்கு நடுவே அது பாலமானால் குறுக்குச்சுற்று. சாவியைக் கொல்வது நனைந்த கணமன்று, மின்கலத்தோடு நனைந்தே கிடக்கும் மணிநேரங்கள். ‘வேலை செய்கிறதா, பார்ப்போம்’ என்று மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்துவது அந்த அழிவுக்குத் துணைபோவதாகும்.

எனவே முதல் வேலை உறையைப் பிளந்து மின்கலத்தை எடுத்துவிடுவது. விளிம்பில் இதற்கென்றே சிறு பள்ளம் இருக்கும். ஒரு நாணயமோ தட்டைத் திருப்புளியோ போதும். எடுத்த மின்கலத்தை மேசைமேல் விட்டுவிடக் கூடாது. பட்டன் மின்கலத்தைக் குழந்தை விழுங்கிவிட்டால், உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணிநேரத்துக்குள்ளேயே கடுமையான புண்ணை உண்டாக்கிவிடும். சாவியைவிட இது முக்கியம்.

அடுத்தது பலருக்கு விந்தையாகத் தோன்றும்: சேறோ உப்போ சோப்போ பட்ட பலகையை மறுபடி நனைக்க வேண்டும். காய்ச்சி வடித்த நீரால் அலசி உப்பை வெளியேற்றி, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மென்மையான பல்துலக்கியால் தேய்த்து, மின்விசிறிக் காற்றில் ஒன்றிரண்டு நாள்கள் உலரவிட வேண்டும். கைகழுவப் பயன்படும் சானிடைசர் இதற்கு மாற்றன்று. அதிலுள்ள கிளிசரினும் பசைப்பொருளும் பலகையிலேயே தங்கிவிடும். முடியுலர்த்தியின் சூட்டில் உறையும் ரப்பர்ப் பொத்தான்களும் வளைந்துவிடக்கூடும். நன்றாக உலர்ந்தபின் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் புதிய மின்கலம் ஒன்று. பழையதன்மேல் பொறித்துள்ள எண்ணைப் பார்த்து அதே எண்ணில் வாங்க வேண்டும். சி.ஆர்.2032 இருந்த இடத்தில் மெலிதான சி.ஆர்.2025ஐ வைத்துவிட்டுச் சாவியைக் குறை சொல்பவர்களும் உண்டு.

அரிசி டப்பாவைப் பற்றியும் ஒரு சொல். நனைந்த எந்தக் கருவியையும் அரிசிக்குள் புதைக்கும் வழக்கம் நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. திறந்த காற்று செய்வதைவிட அரிசி பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. தவிட்டுத்தூளும் மாவும் பொத்தான்களின் அடியில் போய்ச் சேர்வதே மிச்சம். ஆப்பிள் நிறுவனமே தன் கைப்பேசிகளை அரிசியில் வைக்க வேண்டாம் என்று 2024இல் அறிவுறுத்தியது. மேலும், உப்பை அரிசி உறிஞ்சாது. உலர்ந்துபோன உப்பு அடுத்த ஈரக்காற்றுக்காகக் காத்திருக்கும். மும்பையிலோ கொல்கத்தாவிலோ அது நெடுநாள் காத்திருக்கத் தேவையில்லை.

வீட்டில் இதைச் செய்ய அஞ்சுபவர்களுக்கு மும்பையின் லேமிங்டன் சாலை, தில்லியின் நேரு பிளேஸ், பெங்களூரின் எஸ்.பி. சாலை போன்ற இடங்கள் இருக்கின்றன. கைப்பேசிப் பலகையை உருப்பெருக்கியின் கீழ் வைத்து, அரிசிமணியிலும் சிறிய உறுப்பை மாற்றும் கைகள் அங்கே உண்டு. அந்தக் கைகளுக்குக் கார்ச்சாவியின் பலகை எளிய வேலை. இதுவரை சொன்ன எதுவும் உயர் தொழில்நுட்பமன்று. சிக்கல் இதற்குப் பிறகுதான் வருகிறது. பலகை மீளவில்லை, புதுச் சாவி வேண்டும் என்றாகும்போது, கேள்வி திறமையிலிருந்து அனுமதிக்கு மாறிவிடுகிறது.

சந்தையில் கிடைக்கும் வெற்றுச் சாவியை வெட்டிவிட்டால் மட்டும் வாகனம் ஏற்காது. அதன் சில்லை வாகனத்தின் கணினி நினைவில் பதிய வேண்டும். அதற்கு நோயறி கருவியும் பல மாடல்களில் இரகசியக் குறியீடும் தேவை. வேலை செய்யும் மற்றொரு சாவி கையில் இருந்தால் வேலை எளிது. இரண்டும் போய்விட்டால் சில மாடல்களில் கட்டுப்பாட்டுப் பெட்டியையே மாற்றச் சொல்வார்கள். குறியீடு வாகனத்தை உருவாக்கியவரிடம் இருக்கிறது, வாங்கியவரிடம் இல்லை.

வட இந்திய நகரங்களின் நடைபாதைகளில் அரத்தையும் சாவிக்கொத்தையும் பரப்பி அமர்ந்திருப்போரில் சிக்லிகர் சமூகத்தவர் பலர். ஆயுதம் தீட்டுவதைக் குலத்தொழிலாகக் கொண்டிருந்த அச்சமூகம், ஆயுதத் தொழில் அற்றபின் பூட்டுக்கும் சாவிக்கும் வந்தது. தொலைந்த உலோகச் சாவிக்கு மறுசாவியைப் பூட்டைத் தடவிப் பார்த்தே அரத்தால் இழைத்துவிடும் கைத்திறன் அவர்களுடையது. சில்லு வந்ததும் அந்தத் திறன் வாசலிலேயே நிறுத்தப்பட்டது. இளைய தலைமுறையினர் இறக்குமதிக் கருவிகளை வாங்கிப் பதிவு வேலையையும் கற்றுக்கொண்டார்கள். ஆனால் முறையான வழியில் குறியீடு கிடைக்காததால் குறுக்குவழிகளில் அதைச் செய்ய வேண்டியிருக்கிறது. நேர்மையாகப் பிழைக்க விரும்பும் தொழிலாளியைத் திருடன் பயன்படுத்தும் அதே கருவிக்குத் தள்ளியிருப்பது இந்த அமைப்பின் பெரிய அநீதி. இதைப் பற்றி நுகர்வோர் உரிமை பேசுபவர்கள்கூட அதிகம் பேசுவதில்லை.

தகவல் பூட்டப்பட்டிருக்கிறது என்பது வெறும் குறைகூறல் அன்று. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிப்பாகங்களையும் நோயறி கருவிகளையும் வெளிப் பழுதுபார்ப்போருக்குக் கிடைக்கவிடாமல் செய்து சந்தையை அடைத்தார்கள் என்பது ஆணையத்தின் முடிவு. அவற்றைத் திறந்த சந்தையில் கிடைக்கச்செய்யவும் அது உத்தரவிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீடு சென்றன. 2022 ஜூலையில் நடுவண் அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஒரு குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டுச் சாதனங்கள் ஆகியவற்றோடு வாகனங்களும் அதன் வரம்பில் இருந்தன. அவ்வாண்டு டிசம்பர் 24 அன்று இணையதளம் ஒன்றும் தொடங்கப்பட்டது. தளம் நல்ல முயற்சியே. ஆனால் நிறுவனம் தர விரும்பும் தகவலைத் தொகுத்து வைப்பது வேறு. தர வேண்டியதைத் தரச்செய்வது வேறு. இரண்டாவதற்குச் சட்டம் வேண்டும்.

இதற்கு நிறுவனங்களின் மறுப்பு ஒன்றே: பாதுகாப்பு. அதை எள்ளி நகையாட முடியாது. 1990களின் பிற்பகுதியில் ஐரோப்பா சில்லுப் பூட்டைக் கட்டாயமாக்கியதன் நோக்கம் வாகனத் திருட்டைத் தடுப்பது. கம்பியை இணைத்துக் காரைக் கிளப்பும் பழைய திருட்டு அதனால் குறைந்ததும் மெய். யாருக்கு வேண்டுமானாலும் குறியீட்டைக் கொடுத்துவிட்டால் பூட்டுக்கு என்ன பொருள்?

ஆனால் யாருக்கு வேண்டுமானாலும் என்பதற்கும் எவருக்குமே இல்லை என்பதற்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. அமெரிக்காவில் தேசிய வாகனச் சேவைப் பணிக்குழு என்னும் அமைப்பு, பின்னணி சரிபார்க்கப்பட்ட பூட்டுத் தொழிலாளிகளின் பதிவேட்டை நடத்துகிறது. பதிவுபெற்ற தொழிலாளி, வாகன உரிமையாளரின் அடையாளத்தையும் உரிமைச் சான்றையும் சரிபார்த்துப் படிவத்தில் குறித்தபின், நிறுவனத்திடமிருந்தே குறியீட்டைப் பெறுகிறார். ஒவ்வொரு வேண்டுகோளும் பதிவாகிறது. திருட்டு நடந்தால் யார் கேட்டார் என்று தேடிவிடலாம். அதனால் அங்கே வாகனத் தொழில் அழிந்துவிடவில்லை. வாகனப் பதிவேடுகள் இணையத்திலேயே இருக்கும் இந்தியாவில் இத்தகைய ஏற்பாட்டைச் செய்ய முடியாது என்பது நம்பத்தக்கதாக இல்லை. சாவி செய்யும் நடைபாதைத் தொழிலாளிக்கு உரிமமும் பயிற்சியும் கொடுத்து அந்தப் பதிவேட்டில் சேர்ப்பது, அவரைக் காவலரின் சந்தேகப் பார்வையிலிருந்தும் விடுவிக்கும்.

அதற்கும் முன்னால் எளிய வழி ஒன்றுண்டு. ஒருகாலத்தில் ஃபியட் கார்களோடு ‘கோட் கார்டு’ என்று சிறிய அட்டை ஒன்று வரும். மின்னணுக் குறியீடும் சாவி வெட்டுவதற்கான எண்ணும் அதில் அச்சாகியிருக்கும். அதை வீட்டில் பத்திரமாக வைத்திருப்பது உரிமையாளரின் பொறுப்பு. வீட்டுப் பத்திரத்தைப் பாதுகாக்கத் தெரிந்த மனிதருக்கு ஓர் அட்டையைப் பாதுகாக்கத் தெரியாதா? பல இலட்சம் கொடுத்து வாங்கிய பொருளின் குறியீடு வாங்கியவரிடம் இருப்பதைப் பாதுகாப்புக் குறைபாடு என்று சொல்வது விந்தையான வாதம். நீர்புகா வடிவமைப்பையும் இதோடு சேர்த்துக் கேட்க வேண்டும். ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணிநேரம் கிடந்தாலும் கெடாத கைப்பேசி இன்று சாதாரணம். நான்கு மாதம் மழை பெய்யும் நாட்டில் விற்கப்படும் கார்ச்சாவிக்கு அந்தத் தரம் ஏன் கட்டாயமில்லை?

சட்டம் வரும்வரை உரிமையாளர் செய்ய வேண்டியவை சில உண்டு. இரண்டாவது சாவியை அலமாரியில் போட்டு மறந்துவிடாமல், மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை அதைக்கொண்டு வண்டியைக் கிளப்பிப் பார்ப்பது நல்லது. பழைய கார் வாங்குபவர் இரண்டு சாவியையும் கேட்டு வாங்க வேண்டும். சாவி மாற்றுக்கான கூடுதல் காப்பீடு பல நிறுவனங்களிடம் கிடைக்கிறது. அது தொலைந்த சாவிக்கு மட்டுமா, நனைந்து கெட்டதற்கும் பொருந்துமா என்பதைக் கையொப்பமிடும் முன் ஒப்பந்த வாசகத்தில் படித்துப் பார்க்க வேண்டும்.

செத்துப்போன சாவியை எறிந்துவிடவும் கூடாது. கார் திருட்டுப்போனால் காப்பீட்டு நிறுவனங்கள் வழக்கமாக இரு சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்கின்றன. ஒன்று குறைந்தால் உரிமையாளரின் கவனக்குறைவு என்று வாதிட இடம் கிடைக்கிறது. புதுச் சாவிக்கான ரசீதையும் பழைய சாவியையும் ஒரே உறையில் போட்டு வாகனப் பத்திரங்களோடு வைத்திருப்பது நலம். பத்தாயிரம் ரூபாய்க்குப் புதிது வாங்கவைத்த அதே பச்சை பூத்த பலகை, காப்பீட்டு அதிகாரியின் மேசையில் மட்டும் ஒரு முழுச் சாவியாக எண்ணப்படும்.