எலும்பைப் பார்த்து “வடிவு” எண்டு சொல்லலாமா?

இப்பிடியான சிற்பங்களின் படத்தை எங்கட ஆக்களுக்கு அனுப்பினால் வாற பதில் ரெண்டுதான்: “வடிவா இருக்கு”, இல்லாட்டி “பயமாக் கிடக்கு”. ரெண்டுமே தப்பி ஓடுற வழி.

சீனக் கலைஞர் அய் வெய்வெய் 2015இல் செய்த ‘எச்சங்கள்’ என்ற படைப்பை எடுப்பம். வெள்ளைப் பீங்கானில் மனித எலும்புகள். 1950களில் மாவோ ஆட்சியின் கட்டாய உழைப்பு முகாம் ஒன்று இருந்த இடத்தில் தோண்டியெடுத்த எலும்புகளின் அச்சொட்டான பிரதி அது. செத்தவருக்குப் பேரில்லை. அய் வெய்வெய்யின் தகப்பன், கவிஞர் அய் சிங்கும் “வலதுசாரி” என முத்திரை குத்தப்பட்டு, குடும்பத்தோட நாடுகடந்த மாதிரித் தூரப் பிரதேசங்களில் கிடந்தவர். கவிஞரைக் கக்கூஸ் கழுவ வைத்தார்கள்.

அப்ப ஏன் பீங்கான்? சீனாவில் அது அரண்மனைச் சாமான். ஜிங்டெஜென் சூளைகள் நூற்றாண்டுக் கணக்காகச் சக்கரவர்த்திகளுக்குச் செய்து கொடுத்தவை. ஆட்சி குப்பை மாதிரிப் புதைத்த ஒருவரின் எலும்புக்கு, அரசனுக்குரிய பொருளும் கைப்பக்குவமும். வடிவு அங்க இருக்கு. ஆனால் அந்த வடிவு ஒரு குற்றச்சாட்டு.

கல்லிலும் இதையே செய்தார். தன்ர வீட்டைக் கண்காணித்த கமராவை 2010இல் சலவைக்கல்லில் செதுக்கினார். கல்லறைக்குரிய கல்லில், கண் தெரியாத கமரா. அடுத்த வருசம் அவரை 81 நாள் அடைத்து வைத்தது அரசு. கல்லுக்கும் பயந்திருக்கினம் போல!

“சாவை அலங்காரப் பொருளாக்கிறது சரியோ?” எண்டு கேட்பவர்களின் கோபம் எனக்கு விளங்குது. பீங்கான் எலும்பு நீதி தராது. அது மரபணுப் பரிசோதனைக்கும் வழக்குக்கும் பதிலீடும் இல்லை. ஆனால் செய்தியில் எலும்பு ஒரு எண்ணிக்கை. 2025இல் செம்மணியில் தோண்டத் தோண்ட நாங்களும் தினமும் எண்ணிக்கைதான் பார்த்தம். பள்ளிக்கூடப் பையும் பொம்மையும் வந்த அண்டைக்குத்தான் விரல் நிண்டது. பிறகு திரும்பவும் எண்ணிக்கை.

சிற்பம் அந்த விரலை நிப்பாட்டி வைக்கிற வேலையைச் செய்யுது. ஒவ்வொரு எலும்பையும் ஆரோ ஒருவர் கையால் வனைந்து, காயவிட்டு, சூளையில் சுட்டிருக்கிறார். அவ்வளவு நேரம் செலவழித்துச் செய்ததை ரெண்டு செக்கனில் தள்ளிவிட்டு “சோகத்தின் அழகு” எண்டு விமர்சனம் எழுதுறதை முதலில் விடுவம்.

இனி எழுதுறவை ரெண்டு கேள்விக்குப் பதில் எழுதுங்கோ: இது ஆருடைய உடம்பு? இதைப் புதைச்சது ஆர்?