மெத்தைக்கு ஒரு வழி

வீடு மாற்றும்போதும், பெரியவர் ஒருவர் மறைந்த பிறகும், பழைய கட்டில் மெத்தையை என்ன செய்வது என்ற கேள்வி ஸ்ரீரங்கத்துக் குடும்பங்களுக்கு வருகிறது. இரும்புக் கட்டிலைப் பழைய இரும்புக்கடைக்காரர் எடைபோட்டு எடுத்துக்கொள்வார். தேக்கு என்றால் தச்சரே தேடி வருவார். நுரை சோபாவையும் நைந்த இலவம்பஞ்சு மெத்தையையும் யாரும் தொடுவதில்லை. இருட்டியதும் ஆறு, வாய்க்கால் கரையோரம் போய்ச் சேர்பவை இவைதாம்.

திருச்சி நகருக்குள் ஓடும் உய்யக்கொண்டான், சோழர் வெட்டிய வாய்க்கால். இன்றும் வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது. நனைந்து ஊறிய மெத்தை அதன் மதகில் சிக்கினால், இழுத்துப் போட நாலு பேர் வேண்டும். போகியன்று கொளுத்தினாலோ, நுரை கக்கும் புகை நஞ்சு. தெருவிலும் நீர்நிலையிலும் கழிவு போடுவதையும் எரிப்பதையும் 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தடுத்தன.

தடை போட்டால் வழியும் காட்ட வேண்டும். சென்னை மாநகராட்சி 2025 அக்டோபரில், பழைய சோபா, மெத்தை, துணிகளைச் சனிக்கிழமைகளில் வீட்டிலிருந்தே பெறத் தொடங்கியது. திருச்சியின் 5 மண்டலங்களிலும் அப்படியொரு நாள் நிலையாக வேண்டும். அரியமங்கலத்துக் குப்பைமலையோடு இந்நகரம் பட்ட பாடு போதும். வண்டி வந்தால் மட்டும் ஆகாது. மாடியில் தனியாக வாழும் முதியவரின் கட்டிலை இறக்க ஆளும் கூடவே வரட்டும்.